கோத்தகிரிப் பக்கம் வீடு வாங்கும் முன்: மண்சரிவு அபாயத்தை நீங்களே விசாரிக்கும் வழி

கோவை, திருப்பூர், ஈரோட்டு வெயிலில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மலையில் ஒரு சின்ன வீட்டில் கழிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அலைந்தது கோத்தகிரி வட்டாரத்தில். குன்னூர், கேத்திப் பக்கத்துக்கும் இது அப்படியே பொருந்தும். ஏற்காடு, வால்பாறை என்றால் சில அலுவலகங்கள் மாறும், வால்பாறைக்கு மழை மாதங்களும் மாறும்; பார்க்கும் முறை இதுவேதான்.

புரோக்கர் "பேப்பர் எல்லாம் கிளியருங்க" என்பார். வக்கீலும் பத்திரங்களைப் புரட்டிவிட்டு அதையே சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அவர்கள் பார்ப்பது நிலம் யாருடையது என்பதை மட்டும்தான். அந்த நிலம் மழைக்கு நிற்குமா என்பதற்கு எந்த அலுவலகத்திலும் ஒரு சான்றிதழ் கிடையாது. அப்படி ஒன்று இருக்கும் என்று நம்பி நான் போன இடத்தில் எல்லாம் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டினார்கள். கடைசியில் புரிந்தது இதுதான்: அந்த விவரங்கள் துண்டு துண்டாகப் பல இடங்களில் கிடக்கின்றன, சேர்ப்பது நம் வேலை. எல்லாவற்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். முன்பணம் கைமாறிய பிறகு யாரும் உங்கள் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

1. எந்த மாதத்தில் இடம் பார்ப்பது

புரோக்கர்கள் உங்களைக் கூட்டிப் போவது ஏப்ரல், மே மாதங்களில். பிள்ளைகளுக்கு லீவு, கீழே வெயில், மேலே குளிர் காற்று. மண் காய்ந்து இறுகிக் கிடக்கும். எந்த மேட்டைப் பார்த்தாலும் கெட்டியாகத்தான் தெரியும்.

நீலகிரியின் கிழக்குச் சரிவான கோத்தகிரி, குன்னூர், கேத்திப் பகுதிகளுக்கு ஆபத்தான மழை வடகிழக்குப் பருவமழை. 1978இல் பெரிய சரிவுகள் வந்தது நவம்பரில். குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலத்தில் மண் சரிந்து பலர் இறந்தது 1993 நவம்பரில். மாவட்டம் முழுக்க 40 பேருக்கு மேல் இறந்ததும் 2009 நவம்பரில்தான். அந்த முறை கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. வானிலைத் துறை 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே 'அதி கனமழை' என்கிறது. அதைப் போல நான்கு மடங்கு.

மேற்குப் பக்கத்துக்கு, அதாவது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பகுதிகளுக்கு, தென்மேற்குப் பருவமழைதான் கணக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வால்பாறையும் இந்தக் கணக்கில்தான் வரும். அங்கே சோலையாறு அணைப் பக்கம் வீட்டின் மேல் மண் சரிந்து பாட்டியும் பேத்தியும் இறந்தது 2024 ஜூலை இறுதியில். வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்ததும் அதே நாளில்தான். ஏற்காட்டுக்கு மறுபடி வடகிழக்குப் பருவமழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அதன் மலைப்பாதை பல இடங்களில் சரிந்தது.

ஆகவே கோத்தகிரிப் பக்கம் வாங்குவதாக இருந்தால் ஆவணி, புரட்டாசியில் காகித வேலையைத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில், நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இடத்தைப் போய்ப் பாருங்கள். மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு, பகலில் போங்கள். எல்லாம் சரி என்றால் தை மாதத்தில் பத்திரம் பதியலாம். "இந்த வாரம் முடிக்கலைன்னா வேற பார்ட்டி வந்துருவாங்க" என்று அவசரப்படுத்தினால், வரட்டும் என்று விட்டுவிடுங்கள். மலையில் விற்பனைக்கு வீடு இல்லாத மாதமே கிடையாது.

2. வீட்டில் உட்கார்ந்தே எடுக்கக்கூடிய ஆவணங்கள்

விற்பவரிடம் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அந்த இடத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

அந்த எண்ணை வைத்து அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்ப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் எல்லை, அளவு காட்டும் படம்) மூன்றையும் காசில்லாமல் பார்க்கலாம். புலப்படத்தை எல்லோரும் எஃப்.எம்.பி. என்றுதான் சொல்வார்கள். பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கத்தையும் இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். வில்லங்கத்தில் மண்சரிவு பற்றி ஒரு வரியும் இருக்காது. ஆனால் ஒரே இடம் சில வருடங்களுக்குள் மூன்று நான்கு கை மாறியிருந்தால், ஏன் யாரும் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்கத் தோன்ற வேண்டும். அதற்குக் கடன், குடும்பத் தகராறு என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். கேட்பதில் தப்பில்லை.

அடுத்தது வரைபடம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் என்ற தளத்தில் மண்சரிவுக்கு உள்ளாகக்கூடிய பகுதிகளைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று நிறம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பதிவு செய்துகொண்டு பார்க்கலாம், கட்டணம் இல்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த வரைபடத்தின் அளவு 1:50,000. ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் அரை கிலோமீட்டர். உங்கள் ஐந்து சென்ட் மனை அதில் பேனா முனை வைத்த புள்ளியை விடச் சின்னது. "மேப்ல பச்சைங்க, பயமே இல்லை" என்று யாராவது காட்டினால், அந்தப் பச்சை உங்கள் மலைச் சரிவைப் பற்றிய பொதுவான கணிப்பு, உங்கள் மனையைப் பற்றியது கிடையாது. சிவப்பாக இருந்தால் மட்டும் அதை நம்பி விலகிவிடுங்கள் என்பேன்.

3. எஃப்.எம்.பி.யில் ஓடையைத் தேடுங்கள்

இந்த ஒரு படிக்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், நான் பேசிப் பார்த்த வாங்குபவர்களில் அநேகமாக யாரும் இதைச் செய்யவில்லை.

எஃப்.எம்.பி.யில் எல்லைக் கோடுகள், அளவுகள், கல் எண்கள் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஓடை போனால் அதற்கும் கோடு இருக்கும். நான் பார்த்த ஒரு மனையில், மேலே உள்ள சர்வே எண்ணிலிருந்து ஓடைக் கோடு தெளிவாக இறங்கி, விற்பனைக்கு இருந்த உட்பிரிவின் ஓரத்தில் புகுந்து, கீழே உள்ள சர்வே எண்ணில் தொடர்ந்தது. நேரில் போனால் ஓடை என்று ஒன்றுமே இல்லை. சமமான தரை, புல் வைத்து, ஒரு சிமெண்ட் பெஞ்சு போட்டு அழகாக இருந்தது. மேலே தேயிலைத் தோட்டத்தில் ஏறிப் பார்த்தால் பள்ளம் தெரிந்தது. கீழே இறங்கினாலும் தெரிந்தது. நடுவில் மட்டும் மண்ணைக் கொட்டி நிரப்பி மனையாக்கியிருந்தார்கள்.

அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், மழை நேரத்தில் தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்டேன். தலையைக்கூட நிமிர்த்தாமல் பெஞ்சைக் காட்டி, "அந்தா, அது மேலதான் போகும் சாமி" என்றார். பத்து ரூபாய்க்குத் தகவல் உரிமை மனுப் போட்டு ஒரு மாதம் காத்திருந்தால் கிடைத்திருக்கும் பதில் அது.

செய்ய வேண்டியது: உங்கள் சர்வே எண்ணின் எஃப்.எம்.பி.யோடு, மேலும் கீழும் ஒட்டிய சர்வே எண்களின் எஃப்.எம்.பி.யையும் எடுங்கள். அ-பதிவேட்டில் அந்த எண்களுக்கு நேரே ஓடை, வாய்க்கால், சதுப்பு, புறம்போக்கு என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். மூன்று படங்களையும் மேசையில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்தால் தண்ணீரின் பாதை தெரிந்துவிடும். அந்தப் பாதையிலோ அதன் ஓரத்திலோ உங்கள் மனை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

4. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு

மாவட்ட நிர்வாகம் நீலகிரியில் 283 இடங்களைப் பேரிடர் அபாயம் உள்ளவை என்று கண்டறிந்து, ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் அந்த எண்ணிக்கையைச் சொல்கிறது. உங்கள் ஊர்ப் பகுதி அதில் இருக்கிறதா என்று கேட்பதுதான் இந்த மனுவின் நோக்கம்.

மனுக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டி அனுப்பலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் தர 30 நாள் அவகாசம். வராவிட்டாலோ பாதிப் பதில் வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று, கட்டட அனுமதி கொடுக்கும் உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒன்று.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "இந்த சர்வே எண் பாதுகாப்பானதா?" என்று எழுதினால், அது கருத்து, தகவல் இல்லை என்று ஒரே வரியில் திருப்பி விடுவார்கள். எப்போதும் நகல் கேளுங்கள்:

இந்தக் கிராமத்தில் அபாயகரமான இடங்கள் என்று கண்டறியப்பட்டவற்றின் பட்டியல் நகல். 2009 முதல் இன்றுவரை இந்தக் கிராமத்தில் மண்சரிவில் சேதமடைந்த வீடுகளுக்கு நிவாரணம் வழங்கிய ஆணைகளின் நகல், சர்வே எண்களுடன். இந்த சர்வே எண்ணில் கட்டடத்துக்குக் கொடுத்த அனுமதி, அங்கீகரித்த வரைபடம், அனுப்பிய அறிவிப்புகள் ஆகியவற்றின் நகல்.

இரண்டாவது கேள்விதான் தங்கம். பயனாளிகளின் பெயரைத் தரமாட்டார்கள். அது உங்களுக்குத் தேவையும் இல்லை. எந்தச் சரிவில் வீடுகள் விழுந்தன என்று தெரிந்தால் போதும்.

5. நேரில் போய்ப் பார்ப்பது

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். புரோக்கர் இல்லாமல் போங்கள். வீட்டுக்குள் நுழைவதற்கு முன், வீட்டுக்கு மேலே ஏறுங்கள். வாங்குகிறவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் பள்ளத்தாக்கைத்தான் பார்க்கிறார்கள்; மண் வருவது முதுகுப் பக்கத்திலிருந்து.

மேலே பார்க்க வேண்டியவை: சரிவில் வளைவாக ஓடும் விரிசல், குறிப்பாகப் பிறை வடிவத்தில். புதிதாகக் கசியும் ஊற்று. ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் மின்கம்பம், வேலிக்கல், மரம். அடியில் வளைந்து பிறகு நேராக வளர்ந்த மரங்கள் வரிசையாக நின்றால், அந்த மண் பல வருடங்களாக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே யாராவது புதிதாக மண் வெட்டுகிறார்களா, அவர்கள் வீட்டுக் கழிவுநீரும் கூரைத் தண்ணீரும் எங்கே போய் விழுகின்றன என்பதையும் பாருங்கள். உறிஞ்சுகுழி உங்கள் சுவருக்கு நேர் மேலே இருந்தால், வருடம் முழுக்க உங்கள் மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கும். மழை வரும்போது அந்த மண் ஏற்கெனவே பாதி ஊறிப் போயிருக்கும்.

இந்த மலைகளில் பாறைக்கு மேல் மண் போர்வை பல இடங்களில் ரொம்ப ஆழம். பாறை மக்கி மக்கி உண்டான களிமண். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேல் பக்கம் கட்டுமான வேலையில் மண் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது மழை மாதமே இல்லை.

வீட்டைச் சுற்றி: மலையை வெட்டிச் சமமாக்கிய மனையில் பாதி வெட்டிய தரை, பாதி கொட்டிய மண். வீடு எந்தப் பாதியில் நிற்கிறது? கொட்டிய மண்ணில் என்றால், தரையில் அந்த இரண்டும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல் ஓடும். டைல்ஸ் போட்டு மறைத்திருந்தால் வெளிச் சுவரின் அடியில் பாருங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து மூடிப் பாருங்கள். ஒரே பக்கத்தில் இருப்பவை மட்டும் மூலையில் இடித்தால் சட்டம் கோணியிருக்கிறது. புதிதாகப் பெயிண்ட் அடித்த வீட்டில் மெத்தைக்குப் பின்னால், பீரோவுக்குப் பின்னால் பார்க்கச் சங்கடப்படாதீர்கள்.

தடுப்புச் சுவர்: சுவர் எவ்வளவு பெரியது என்பதை விட அதில் தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சுவரில் வரிசையாகச் சின்னக் குழாய்த் துளைகள் இருக்க வேண்டும். மழைக்கு மறுநாள் அவற்றிலிருந்து தண்ணீர் சொட்ட வேண்டும். நான் பார்த்த ஒரு சுவரில் துளைகள் எல்லாம் இருந்தன, பின்னால் ஜல்லி இல்லாமல் நேராக மண்ணைக் கொட்டியதால் அத்தனையும் அடைத்துப் போய், சுவரின் நடு வயிறு வெளியே தள்ளியிருந்தது. இப்படி உப்பிய சுவர் கீழே இருப்பவருக்கு எமன். மலை அடிவாரத்திலேயே, மேட்டுப்பாளையம் நடூரில், 2019 டிசம்பர் 2 அன்று மழையில் ஊறிய சுற்றுச்சுவர் கீழ் வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். ஆகவே உங்கள் சுவரை மட்டும் பார்க்காமல், உங்களுக்கு மேலே இருப்பவர் சுவரையும் பாருங்கள். அது நீங்கள் ரிப்பேர் செய்ய முடியாத சுவர்.

கடைசியாக, டீக்கடை. "இங்க மண்ணு சரிஞ்சுருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள், ஊர்ப் பேர் கெடுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். "2009 மழையில எந்தப் பக்கம் ரோடு போச்சுங்க? பசங்கள எங்க தங்க வெச்சாங்க?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

6. அனுமதிப் பத்திரங்களில் எதைக் கேட்பது

நீலகிரி முழுவதும், ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலை எல்லாம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. பேச்சில் ஹாக்கா. இந்தப் பகுதிகளில் மனைப் பிரிவு, பெரிய கட்டுமானம் போன்றவற்றுக்கு வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றுகளின் நகலை விற்பவரிடம் கேளுங்கள். கனிமவளத் துறையும் வேளாண் பொறியியல் துறையும் எழுதிய நிபந்தனைகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்: எத்தனை அடிக்கு மேல் மண் வெட்டக் கூடாது, எங்கே தடுப்புச் சுவர், எங்கே வடிகால் என்று அதில் இருக்கும். பிறகு அந்தச் சுவரும் வடிகாலும் நிஜத்தில் இருக்கின்றனவா என்று காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சாலைப் பக்கம் இரண்டு மாடி, பின்பக்கம் சரிவில் இறங்கி நான்கு மாடி என்று நிற்கும் வீடுகளில் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

வழக்கமான ஏமாற்று: அங்கீகரித்த வரைபடம் கேட்டால் வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் எடுத்து நீட்டுவார்கள். "இருபது வருஷமா வரி கட்டுறோமுங்க" என்பார்கள். வரி கட்டியதும் மின் இணைப்பும் கட்டட அனுமதி ஆகாது. இது வெறும் சட்டக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். 9ஆவது படியில் மறுபடி வரும்.

வாங்கிய பிறகு ஒரு அறை சேர்த்துக் கட்டலாம், பின்பக்கம் கொஞ்சம் வெட்டிக் கார் நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டால், ஜேசிபி, பொக்லைன் ஓட்டவும் ஆழ்துளைக் கிணறு போடவும் மாவட்டத்தில் முன்அனுமதி வேண்டும். மரம் வெட்டவும் அனுமதி வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக வெட்டித் தருகிறேன் என்று ஆள் வருவார். விரட்டிவிடுங்கள்.

7. பொறியாளரைக் கூட்டிப் போவது

மேலே சொன்ன படிகளில் இடம் தேறிவிட்டால் மட்டும் இந்தச் செலவைச் செய்யுங்கள். கீழே சமவெளியில் வீடு கட்டும் பொறியாளர் போதாது. மலைச் சரிவில் தடுப்புச் சுவர் கட்டிப் பழக்கம் உள்ளவர், முடிந்தால் மண் பரிசோதனையும் செய்பவர் வேண்டும். கோவையின் பொறியியல் கல்லூரிகளில் சிவில் துறையில் கேட்டால் ஆள் காட்டுவார்கள். வந்து பார்த்து எழுதிக் கொடுக்கச் சில ஆயிரங்கள் ஆகும். மண் பரிசோதனை என்றால் தனிக் கணக்கு. விற்பவர் சொல்லும் பொறியாளர் வேண்டாம்.

வாய்ப் பேச்சாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் போதும்: வீடு வெட்டிய தரையில் நிற்கிறதா, நிரப்பிய மண்ணிலா? இருக்கும் சுவர்களும் வடிகாலும் போதுமா? போதாது என்றால் சரி செய்ய எவ்வளவு? மூன்றாவதுக்கு வரும் தொகை சில சமயம் ஆளைத் தூக்கி வாரிப்போடும். கல்லையும் ஜல்லியையும் லாரியில் மலை ஏற்றி, லாரி போகாத இடத்துக்குத் தலைச்சுமையாக இறக்க வேண்டும். அந்தத் தொகையை வீட்டு விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

8. அக்ரிமெண்ட், பதிவுச் செலவு

அக்ரிமெண்ட்டில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: அங்கீகரித்த வரைபடமும் தடையின்மைச் சான்றுகளும் ஒப்படைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும், பத்திரத்துக்கு முன் மழையில் நிலமோ சுவரோ சேதமானால் முன்பணம் திரும்ப வேண்டும். வக்கீல் "இதெல்லாம் யாரும் எழுதறதில்லைங்க" என்றால், நாம் எழுதுவோம் என்று சொல்லுங்கள்.

பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. பத்திர மதிப்பு 40 லட்சம் என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம். பெண் பெயரில் வாங்கினால் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும்; மலையில் அந்த விலைக்குக் கிடைத்தால் என்னிடமும் சொல்லுங்கள்.

9. காப்பீடும் நிவாரணமும்

பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. எந்தப் பொதுக் காப்பீட்டு நிறுவனத்திலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். மண்சரிவு, பாறைச் சரிவு, நிலம் உள்வாங்குதல் மூன்றும் இதில் சேரும். சேராதவற்றைக் கவனியுங்கள்: புதுக் கட்டடம் இயல்பாக அமர்வதால் வரும் விரிசல், நிரப்பிய மண் அமர்வது அல்லது நகர்வது, குறைபாடான வடிவமைப்பு அல்லது வேலை, தோண்டும் வேலையால் வரும் சேதம். 3ஆவது, 5ஆவது படிகளில் நிரப்பிய மண்ணைப் பற்றி இவ்வளவு சொன்னதற்கு இதுவும் காரணம். கொட்டிய மண்ணில் நிற்கும் வீட்டுக்குப் பிரீமியம் வாங்கிக்கொள்வார்கள், இழப்பீடு என்று போனால் இந்த வரியைக் காட்டுவார்கள்.

நிலத்தின் விலைக்குக் காப்பீடு கிடையாது, கட்டடத்துக்கு மட்டும்தான். தடுப்புச் சுவரை விண்ணப்பத்தில் எழுதிச் சேருங்கள். வங்கிக் கடனோடு ஒட்டிவரும் பாலிசி போதும் என்று இருந்துவிடாமல், எவ்வளவு தொகைக்கு, எந்தெந்த ஆபத்துக்கு என்று படியுங்கள். பொறியாளர் கொடுத்த அறிக்கையையும், வாங்கிய அன்று எடுத்த சுவர், தரைப் படங்களையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

அரசு நிவாரணத்தை நம்பிக் கணக்குப் போட முடியாது. 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிதி விதிகளின்படி மலைப் பகுதியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். குறைந்தது 15 சதவீதம் சேதமான கான்கிரீட் வீட்டுக்கு 6,500. வீடு அங்கீகாரம் பெற்ற கட்டுமானமாக இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. வரி ரசீது கதை இங்கே வந்து நிற்கும்.

சேதமானால் எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன் படம் எடுங்கள், கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள், அதே நாளில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

10. குடிவந்த பிறகு, ஒவ்வொரு புரட்டாசியிலும்

மழைக்கு முன் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் தவறக் கூடாது. வடிகாலைத் தூர் வாருங்கள். சுவர்த் துளைகளில் கம்பி விட்டுக் குத்தி அடைப்பை எடுங்கள். கூரைத் தண்ணீரைக் குழாயில் பிடித்து ஓடை வரை கொண்டுபோய் விடுங்கள். தோட்டத்தில் விட்டுச் சேமிக்கிறேன் என்று சரிவில் ஊற வைப்பது கீழ்நாட்டுப் பழக்கம், இங்கே ஆகாது.

டிஎன்-அலர்ட் செயலியைப் போனில் ஏற்றுங்கள். புவியியல் ஆய்வுத் துறை நீலகிரிக்கு மண்சரிவு முன்னறிவிப்பு வெளியிடுகிறது; அவர்களின் பூஸ்கலன் செயலியில் பார்க்கலாம். மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070. மழை நாளில் மேட்டுப்பாளையம் போகும் இரண்டு பாதைகளில் ஒன்று அடைத்தால் மற்றொன்று, இரண்டும் அடைத்தால் வீட்டில்தான். மாத்திரை, அரிசி, குடிதண்ணீர், டார்ச் ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். பத்திர நகல்களைக் கீழே ஊரில் உறவினர் வீட்டில் ஒரு செட் வையுங்கள்.

விடாமல் கொட்டும் இரவில் மலைப் பக்கம் இருக்கும் அறையில் படுக்காதீர்கள். வழக்கமாக ஓடும் ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் குறைந்தாலோ, மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது. மரம் முறியும் சத்தம், கதவு தானாக இறுகுவது, தரையில் புது விரிசல், இவற்றில் எது நடந்தாலும் நகை, துணி என்று தேடாமல், முன்பே தயாராக வைத்த அவசரப் பையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகருங்கள். ஓடை வழியாகக் கீழே இறங்கக் கூடாது. ஊரின் நிவாரண முகாம் எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தக் கல்யாண மண்டபத்தில் வைப்பார்கள் என்பதைக் குடிவந்த வாரமே கேட்டு, அங்கே போகும் வழியைப் பகலில் ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள்.